ராம்ப் அப்

ஐடி கம்பெனியில் ஒரு வாரம் இருந்தால்கூடப் போதும், 'ராம்ப் அப் பண்ணணும்' காதில் விழுந்துவிடும். ஆள் சேர்க்கணும், வேகம் கூட்டணும், சேர்ந்த புதுப்பையன் சீக்கிரம் வேலை பழகணும், எல்லாத்துக்கும் இதே சொல்தான்.

ராம்ப் என்றால் சரிவுப்பாதை, அதில் ஏறுவது மாதிரி உயர்த்துவது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அது தப்பில்லை. ஆனால் 'சரிவு' என்கிற பொருள் ஆங்கிலத்துக்கு 18ஆம் நூற்றாண்டில்தான் வந்திருக்கிறது. வினைச்சொல் அதைவிட நானூறு வருஷத்துக்கு மேல் மூத்தது. பழைய பிரெஞ்சில் 'ராம்பே' என்றால் தொற்றி ஏறுவது, பின்னங்காலில் எழும்பி நிற்பது. ஆங்கிலத்தில் அப்படி எழும்பியது சிங்கம்! ஸ்காட்லாந்து அரச கொடியில், மஞ்சள் பின்னணியில் முன்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு நிற்குமே சிவப்புச் சிங்கம், அதன் பெயரே 'லயன் ராம்பன்ட்'. கட்டுக்கடங்காமல் பரவுவதைச் சொல்லும் 'ராம்பன்ட்' இதே சொல்தான்.

வேடிக்கை என்னவென்றால், இன்றைய பிரெஞ்சில் அதே வினைக்குத் தவழ்வது, ஊர்வது என்று அர்த்தம். (எங்கள் ப்ராஜெக்ட் பிரெஞ்சுக்காரர் அர்த்தத்தில்தான் ராம்ப் அப் ஆகிக்கொண்டிருக்கிறது.)

தமிழில் 'முடுக்கிவிடு' கச்சிதமாகப் பொருந்தும். 'மீட்புப் பணிகள் முடுக்கிவிடப்பட்டன' என்று மழைக்காலம்தோறும் பேப்பரில் படிக்கிறோமே, அதே முடுக்கு. ஆனால் திருநெல்வேலிக்காரரிடம் வெறுமனே 'முடுக்கு' என்று சொல்லிப் பாருங்கள், எந்தச் சந்து என்று கேட்பார்.