மரத்தடியில பேசாதீங்கன்னு சொன்னது

"அப்ப நாங்க எங்க மிஸ் போறது?"

இதத்தான் அந்தப் பொண்ணு கேட்டா. கோவமா கூட இல்ல, பஸ் எங்க நிக்கும்னு விசாரிக்கிற மாதிரி கேட்டா. நான் "பெல் அடிச்சிருச்சு, கிளாஸுக்கு போங்க"ன்னு சொல்லி அனுப்பிட்டேன். அது பதிலே இல்லன்னு எனக்கும் தெரியும் அவளுக்கும் தெரியும்.

நடந்தது பெருசா ஒண்ணுமில்ல. ப்ளஸ் டூ பொண்ணுங்க நாலு பேரு, தண்ணி டேங்க் பக்கத்துல அந்த புங்க மரத்தடியில டெய்லி லஞ்சுக்கு உக்காருவாங்க. டப்பால சோறு பாதி அப்படியே இருக்கும், பேச்சு மட்டும் ஓடும். ஒருத்திக்கு பிசிக்ஸ் போச்சு, ஒருத்தி வீட்ல ரிசல்ட் வரட்டும் மாப்ள பாக்கலாம்னு பேச ஆரம்பிச்சிட்டாங்க, ஒருத்திக்கு நீட்டு பயம். நேத்து பேசினதையே இன்னைக்கும் பேசுவாங்க. மொதல்ல நான்தான் மனசுலயே வெச்சுக்காதீங்க, யார்கிட்டயாவது கொட்டிருங்கன்னு சொல்லிவிட்டவ. மூணு நாள் ட்ரெய்னிங் போயிட்டு வந்தேன்னு பயாலஜி மிஸ் தலையில கவுன்சிலிங்கையும் சேத்து கட்டினா இப்படித்தான், ட்ரெய்னிங்ல சொன்னத நானும் சொன்னேன். ரெண்டு மாசத்துல பாத்தா ஒருத்தி பிரச்சன நாலு பேரு பிரச்சன ஆயிருச்சு. ஒருத்தி தூங்கலன்னா நாலு பேரும் தூங்கறதில்ல. மொத ரிவிஷன்ல ஒருத்திக்கு கை நடுங்குச்சு, ரெண்டாவதுல மூணு பேருக்கு நடுங்குது.

அப்பதான் தேடிப் படிச்சேன். அமாண்டா ரோஸ்னு ஒரு அமெரிக்க சைக்காலஜிஸ்ட் 2002ல எழுதினது. ஃப்ரெண்ட்ஸ் ரெண்டு பேரு ஒரே கஷ்டத்த திரும்பத் திரும்ப பேசிப் பேசி அலசறதுக்கு கோ-ருமினேஷன்னு பேரு வெச்சிருக்காங்க. பொண்ணுங்கதான் இத அதிகம் பண்றாங்களாம், நட்பு நல்லா நெருக்கமாகும், கூடவே பதட்டமும் டிப்ரஷனும் சேந்தே இருக்குமாம். ருமினேஷன்னா மாடு அசை போடறதுதான், எங்க பாடத்துலயே இருக்கு. மாடு அசை போட்டா செரிச்சிரும். இதுங்களுக்கு செரிக்கவே மாட்டேங்குதேன்னு நெனச்சு, எனக்கு விஷயம் புரிஞ்சிருச்சுன்னு ஒரு தைரியம் வந்து, நேரா மரத்தடிக்கு போய் பரிட்ச முடியற வரைக்கும் இங்க சேந்து உக்காராதீங்க, கஷ்டத்த பேசாதீங்க, வேற எதுலயாவது மனச திருப்புங்கன்னு சொன்னேன்.

அப்ப அவ மொதல்ல சொன்னது இது: "பசங்க மூக்கனேரிக்கு போறாங்க, பேட் எடுத்துட்டு கிரவுண்டுக்கு போறாங்க. நான் வீட்டுக்கு போனா தறிக்கு நூல் தார் சுத்தணும் மிஸ். தறி சத்தத்துல யார் பேசினாலும் கேக்காது. எனக்கு இந்த அர மணி நேரம்தான்." அதுக்கப்பறம்தான் அந்தக் கேள்வி.

அதோட போயிருந்தா மறந்திருப்பேனோ என்னவோ. அதே வாரம் ஒரு பையன் வந்தான். வந்தான்னு சொல்லக் கூடாது, தலவலி வயித்துவலின்னு பத்து நாள்ல நாலு தடவ லீவு போட்டதால கிளாஸ் டீச்சர் அனுப்பி வெச்சாங்க. கேட்டா ஒண்ணுமில்ல மிஸ். வீட்ல? ஒண்ணுமில்ல மிஸ். அப்பா கொலுசு பட்டறையில கூப்பிடறாரா? ஷோல்டர மட்டும் தூக்கினான். கடைசியா எந்திரிச்சு போறப்ப, ரொம்ப டென்ஷன் ஆனா அண்ணன் வண்டிய எடுத்துட்டு ஏற்காடு ரோட்டுல ஏறிருவேன் மிஸ், ஏரி வரைக்கும் போய் டீ குடிச்சிட்டு எறங்கினா சரியாயிரும்னான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பாத்து போ கண்ணு, ஹெல்மெட் போட்டுக்க."

பதினேழு வயசு, லைசென்ஸ் கெடையாது, இருவது கொண்டை ஊசி வளைவு. இவனுக்கு பாத்து போ கண்ணு, மரத்தடியில உக்காந்து வாய் பேசறவளுக்கு பேசாத.

இத எழுதறப்ப கூட எனக்கு நானே வக்காலத்து வாங்கறேன். அந்தப் பையன வேண்டாம்னு சொல்லியிருந்தா கேட்டிருப்பானா? வாய தொறந்து அவன் சொன்ன ஒரே விஷயம் அது, அதையும் திட்டியிருந்தா அடுத்த தடவ அதுவும் வராது. பொண்ணுங்க விஷயத்துலயும் நான் பாத்தது பொய் இல்ல, கை நடுங்கினத பாத்தேன். ஆனா ஒருத்தி அழுதா அது பரவுதுன்னு எனக்கு பயம் வருது, ஒருத்தன் வண்டிய எடுத்தா ரிலாக்ஸ் பண்றான்னு தோணுது, இது ட்ரெய்னிங்ல சொல்லிக் குடுத்ததா, எங்க வீட்ல எங்கண்ணனையும் என்னையும் வளத்த லட்சணமா தெரியல.

அப்பறம்தான் அந்த ரோஸ் 2007ல எழுதினதும் கண்ல பட்டுச்சு. எண்ணூத்து சொச்சம் பிள்ளைங்கள ஆறு மாச இடைவெளியில பாத்திருக்காங்க. இப்படி பேசிப் பேசி அலசினதுல பொண்ணுங்களுக்கு நட்பும் கூடியிருக்கு, மனசு பாரமும் கூடியிருக்கு. பசங்களுக்கு நட்பு மட்டும்தான் கூடியிருக்கு, பாரம் கூடல. அப்படின்னா அந்த மரத்தடியில யார உக்கார வெச்சிருக்கணும்? ஷெல்லி டெய்லர்னு இன்னொருத்தங்க, டென்ஷன் வந்தா சண்ட போடு இல்ல ஓடிப்போங்கறது மட்டும் இல்ல, கூட இருக்கறவங்களோட ஒட்டிக்கறதும் ஒரு வழி, பொண்ணுங்ககிட்ட அது அதிகம்னு 2000லயே எழுதியிருக்காங்க. 1995க்கு முன்னாடி லேப்ல நடந்த ஸ்ட்ரெஸ் ஆராய்ச்சிகள்ல பொம்பளைங்க நூத்துக்கு பதினேழு பேருதான்னும் அதுல இருக்கு. அதெல்லாம் அந்த ஊரு பிள்ளைங்கள வெச்சு சொன்னது, தார் சுத்தறவளுக்கு பொருந்துமா? பொருந்தாதுன்னும் சொல்ல முடியல.

மனசு கஷ்டம்னா கூப்பிடற ஹெல்ப்லைன், அந்த 14416 நம்பர போர்டுல எழுதிப் போட்டிருந்தேன். பொண்ணுங்க நோட்டுல குறிச்சுக்கிட்டாங்க, ஆனா தனியா போன் எடுக்கணும்னா அம்மா அனுமதி வேணும். பசங்க எல்லார்கிட்டயும் போன் இருக்கு, நம்பருக்கு கீழ 'லவ் பெயிலியருக்கும் பேசலாமா'ன்னு எழுதி வெச்சிருந்தானுங்க. நான் சிரிச்சிட்டு அழிச்சிட்டேன். இப்ப யோசிச்சா அது நெஜமான கேள்வியா கூட இருந்திருக்கலாம்.

மரத்தடி காலியாத்தான் இருந்துச்சு, சொன்ன பேச்ச கேக்கற பிள்ளைங்க. மூணாவது ரிவிஷன்ல மார்க் கொஞ்சம் ஏறுச்சு, அதுக்கு நான் காரணமா, ரிவிஷன் பேப்பர் ஈஸியா வந்தது காரணமா, அதுவும் தெரியாது. கை நடுங்குச்சான்னு கேக்க எனக்கு தைரியம் வரல.

பிராக்டிகலுக்கு முன்னாடி, அந்தக் கேள்வி கேட்டவ ரெக்கார்டுல சைன் வாங்க வந்தா. எப்படி கண்ணு இருக்க, தூக்கம் வருதான்னு கேட்டேன்.

"ஒண்ணுமில்ல மிஸ். நல்லா இருக்கேன்."

அந்தப் பையன் சொன்ன அதே டோன். நான் சைன் போட்டு குடுத்தேன். ரெண்டு நிமிஷத்துல திரும்ப வந்தா, என்னமோ சொல்ல வராளோன்னு நிமிர்ந்து பாத்தேன், தேதி போடாம விட்டுட்டீங்க மிஸ்னு ரெக்கார்ட நீட்டினா.