விறைப்பு இருந்தது, உணர்ச்சிதான் குறைந்தது

குடியாத்தத்தில் எங்கள் வயது ஆட்கள் கூடினால் சுகர் பேச்சுதான். கால் எரிச்சல், கண், கிட்னி எல்லாம் டீக்கடையிலேயே அலசுவோம். படுக்கையறை விஷயத்தை மட்டும் யாரும் எடுக்க மாட்டோம்.

எனக்குச் சுகர் வந்து 11 வருடம். விறைப்பு ஓரளவு இருந்தது. ஆனால் தொடுவது சரியாகத் தெரியவில்லை, நடுவில் ஒரு துணி இருப்பதுபோல. உச்சம் வர வெகுநேரம் ஆனது, வந்தாலும் மொக்கையாகப் போனது. சில நாள் விந்தே வரவில்லை. மாதாமாதம் லாட்ஜில் வந்து உட்காரும் ஒரு வைத்தியரிடம் போகச் சொன்னார் மச்சான். சுகர் எவ்வளவு என்றுகூடக் கேட்காமல் லேகியம் கொடுப்பவரிடம் எனக்கு என்ன வேலை?

வேலூரில் நான் பார்க்கும் சுகர் டாக்டருக்கு என் மகள் வயது. வாய் வரவில்லை. துண்டுச் சீட்டில் எழுதி நீட்டினேன். படித்துவிட்டு, "செருப்பைக் கழட்டுங்க சார்" என்றார். எனக்குக் குழப்பம். கண்ணை மூடச் சொல்லி, நைலான் இழை ஒன்றால் பாதத்தில் அங்கங்கே அழுத்தினார். அது வளையும்போது 10 கிராம் அழுத்தம் விழுமாம். பெருவிரலில் அழுத்தியது எனக்குத் தெரியவே இல்லை. தட்டினால் அதிரும் இசைக்கவை என்ற உலோகக் கவையை வைத்தபோதும் அப்படித்தான்.

அப்புறம் விளக்கினார். சுகர் முதலில் நீளமான நரம்புகளைக் கெடுப்பதால் பாதம் முந்திக்கொள்கிறது. அதே சேதம் ஆணுறுப்பின் தொடு நரம்பிலும் வரும். விந்து வெளியேறும்போது சிறுநீர்ப்பையின் வாயை மூடவைப்பது வேறு நரம்பு. அது கெட்டால் விந்து பின்னால் போய், சிறுநீரோடு வந்துவிடும். உடம்புக்குக் கெடுதல் இல்லை, குழந்தை வேண்டும் என்பவர்களுக்குத்தான் சிக்கல்.

சில்டெனாஃபில் (வயாகரா) மாத்திரை பற்றிக் கேட்டேன். அது ரத்த ஓட்டத்துக்கு, விறைப்புக்கு உதவும், மரத்த நரம்புக்கு உணர்ச்சி தராது என்றார். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை எடுப்பவர்கள் சில்டெனாஃபிலைத் தொடவே கூடாது, ரத்த அழுத்தம் ஒரேயடியாக இறங்கிவிடும்.

என் மாத்திரைப் பையைக் கொட்டிப் பார்த்ததுதான் பெரிய உதவி. கால் எரிச்சலுக்கு வேறு இடத்தில் கொடுத்திருந்த அமிட்ரிப்டிலின் உச்சத்தைத் தள்ளிப்போடக் கூடியது. பல வருடம் சுகர் மாத்திரையான மெட்ஃபார்மின் எடுத்தால் பி12 வைட்டமின் குறையலாம், அதுவும் மரத்துப்போவதைக் கூட்டும். காலையில் ரத்தம் எடுத்து டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனையும் பார்த்தார்கள். அது சரியாக இருந்தது, பி12 குறைவு. ஊசி போட்டார்கள், அமிட்ரிப்டிலினை அவரே படிப்படியாகக் குறைத்தார். நானாக எதையும் நிறுத்தவில்லை.

சுகரின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 9.6-லிருந்து 7.3-க்கு வந்திருக்கிறது. உச்சம் முன்னைவிடச் சீக்கிரம் வருகிறது. உணர்ச்சி கொஞ்சம்தான் திரும்பியது. கெட்ட நரம்பு முழுதாகத் திரும்பும் என்று டாக்டரும் சொல்லவில்லை, மேலும் கெடாமல் பார்ப்பதுதான் இலக்கு.

வீட்டில் சொன்னபோது, "என்மேல ஆசை போயிடுச்சுன்னு நினைச்சிட்டிருந்தேங்க" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இப்போது அவசரப்படுவதில்லை. எங்கே தெரிகிறது, எங்கே தெரியவில்லை என்று வாய்விட்டுச் சொல்கிறேன். வழுவழுப்புக்கான மருந்துக்கடை ஜெல்லும் உதவுகிறது.

டாக்டரிடம் பேச வராதவர்கள் எழுதிக் கொடுக்கலாம். குறைந்திருப்பது ஆசையா, விறைப்பா, உணர்ச்சியா, விந்தா என்று பிரித்து எழுதுங்கள். எல்லா மாத்திரைகளையும் எடுத்துப் போங்கள், வேறு டாக்டர் கொடுத்ததையும் சேர்த்து.