தையல் பிரிக்கும் வரை

எங்கள் செம்பிக்கு எட்டு வயது. நாட்டு நாய், 17 கிலோ. போன மாதம் திடீரென்று தண்ணீர்ச் சட்டியே கதி என்று கிடந்தாள். சோற்றை மோந்து பார்த்துவிட்டு விலகிப் போனாள். வெயில்தான் காரணம் என்று மூன்று நாள் விட்டுவிட்டேன். நான்காம் நாள் அவள் படுத்து எழுந்த சாக்கில் சீழ்க் கறை.

திருநெல்வேலி பக்கம் ராமையன்பட்டி கால்நடைக் கல்லூரி மருத்துவமனைக்கு ஆட்டோவில் கொண்டு போனோம். ஸ்கேனில் கர்ப்பப்பை நிறையச் சீழ். கருத்தடை செய்யாத பெண் நாய்களுக்கு, ஹீட் (இனச்சேர்க்கைக்குத் தயாராகும் பருவம்) வந்து போன ஒன்றிரண்டு மாதத்தில் இது வரலாம். தண்ணீர் அளவுக்கு மீறிக் குடிப்பது அதன் அறிகுறி. உங்கள் வீட்டில் பெண் நாய் இருந்தால் தயவுசெய்து இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கர்ப்பப்பை, சினைப்பை இரண்டையும் எடுத்துவிட்டு, சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பினார்கள்.

முதல் ராத்திரி முழுக்க முனகினாள். மயக்க மருந்து தெளியும்போது அப்படித்தான் இருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தும் அம்மா அழுதுவிட்டார். தரைக் குளிர் ஏறாமல் சாக்கின் மேல் அப்பாவின் பழைய வேட்டியை நாலாக மடித்துப் போட்டோம். மணிக்கு ஒரு தடவை உதட்டைத் தூக்கி ஈறு வெளுக்காமல் இருக்கிறதா என்று பார்த்தேன். இரண்டரை மணிக்கு நாலு நக்கு தண்ணீர் குடித்தாள். விடிந்ததும் நெஞ்சுக்கு அடியில் ஒரு கை, பின்தொடைக்குப் பின்னால் ஒரு கை என்று வயிற்றில் படாமல் தூக்கி, முருங்கை மரத்தடியில் நிறுத்தினேன். மூத்திரம் போனாள். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

சாப்பாடு, உப்பும் வெங்காயமும் சேர்க்காமல் குழைய வேகவைத்த சோறும் கோழியும். வலிக்கு டாக்டர் தந்த மாத்திரை மட்டும். பக்கத்து வீட்டு அக்கா, பாராசிட்டமால் கால் துண்டு கொடுத்துப் பார் என்றார். கொடுக்கவே கூடாது. நாம் போடும் வலி மாத்திரைகள் நாயின் ஈரலையோ கிட்னியையோ கெடுத்துவிடும். பூனைக்கு ஒரே ஒரு பாராசிட்டமால் போதும், உயிரே போய்விடும்.

தையலை நக்காமல் இருக்கக் கழுத்தைச் சுற்றி மாட்டிய கூம்பு, அந்தக் கோன்தான் பெரும்பாடு. கதவு நிலையில் இடித்துக்கொண்டு, ஏன் இப்படிச் செய்தீர்கள் என்பது போல எங்களைத் திரும்பிப் பார்ப்பாள். காது அரித்தால் பின்னங்கால் கோனின் மேல் பறபறவென்று பிறாண்டும். அம்மா உள்ளே கையை விட்டுச் சொறிந்து கொடுப்பார். ஐந்தாம் நாள், "வாயில்லா ஜீவன், பாவம்லா. கொஞ்ச நேரம் கழட்டி விடேன்" என்றார். எனக்கும் மனசு கேட்கவில்லை. கழற்றிவிட்டு அடுப்பில் பாலைப் பார்க்கப் போனேன். பத்து நிமிஷம்கூட இருக்காது. சளப் சளப் என்று சத்தம். ஓடி வந்து பார்த்தால் கீழ்க்கோடித் தையல் ஒன்று அவிழ்ந்து, இளஞ்சிவப்பாக நீர் கசிந்துகொண்டிருந்தது.

மறுபடியும் ஆட்டோ. மேல்தோல் மட்டும்தான் விட்டிருக்கிறது, உள்தையல் கெட்டியாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். ஒரு தையல் புதிதாகப் போட்டார்கள். அன்று ராத்திரி அம்மா சாப்பிடவில்லை. செம்பியின் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுத்துக்கொண்டார்.

அப்புறம் வந்த நாட்கள்தான் இன்னும் கஷ்டம். உடம்பு தேறிவிட்டது, காயம் ஆறவில்லை. பால்காரர் பைக் சத்தம் கேட்டால் துள்ளுவாள், கட்டிலில் தாவப் பார்ப்பாள். கட்டிலைச் சுவரில் சாய்த்து நிறுத்திவிட்டு எல்லோரும் தரையில் படுத்தோம். வெளியே போகும்போது கயிற்றைக் குட்டையாகப் பிடித்துக்கொண்டேன். தினமும் காலையில் மல்லாக்கப் படுக்கவைத்து, வீக்கம், நாற்றம், கசிவு இருக்கிறதா என்று பார்ப்பேன்.

பதினாறாம் நாள் தையல் பிரித்தார்கள். வீட்டுக்கு வந்து கோனைக் கழற்றியதும் செம்பி தலையை ஒரு உதறு உதறினாள். முருங்கை மரத்தடியில் போய் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, பின்னங்காலால் இடது காதை வெகுநேரம் சொறிந்தாள். அம்மா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.