வேப்பிலை கட்டிய வாசலும் வலது கை ஊசியும்

பிப்ரவரி கடைசியில் திருவள்ளூர் பக்கம் ஒரு கிராமத்தில் பிள்ளைகளுக்கு வரிசையாகத் தட்டம்மை. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் என்ற முறையில், அது ஏன் பரவியது என்று விசாரிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது.

முதல் நாள் வீடு வீடாகப் போய், "அம்மை நோய் யாருக்காவது இருக்கா?" என்று கேட்டேன். எல்லாரும் இல்லை என்றார்கள். எங்கள் நர்சம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, "நோய்னு கேட்காதீங்க சார். அம்மா எப்ப வந்தா, தலைக்கு எப்ப தண்ணி ஊத்துனீங்கன்னு கேளுங்க" என்றார். அப்படிக் கேட்டதும் பாட்டிமார் கிழமையோடு சொன்னார்கள். அதிலிருந்து பின்னோக்கி எண்ணி, தடிப்பு வந்த தேதியைப் பிடித்தோம். வாசல் நிலையில் செருகிய வேப்பிலை பச்சையாக இருந்தால் இந்த வாரம்; சருகாகியிருந்தால் வந்து நாளாகிவிட்டது.

ரத்த மாதிரிகள் சென்னை கிண்டியில் உள்ள கிங் இன்ஸ்டிடியூட் அரசு ஆய்வகத்துக்குப் போய், தட்டம்மைதான் என்று உறுதியானது.

அம்மை வந்த ஒவ்வொரு பிள்ளைக்கும், அதே வயதில் வராத அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் இரண்டு பேரை எடுத்துக்கொண்டு, யாருக்குத் தடுப்பூசி போட்டிருந்தது என்று ஒப்பிட்டோம். சிரமம் ஊசிக் கணக்கில்தான். தடுப்பூசி அட்டை இல்லாத தாய்மாரும் "எல்லா ஊசியும் போட்டாச்சு" என்றார்கள். அப்புறம் "எந்தக் கையில?" என்று கேட்க ஆரம்பித்தோம். ஒடிசாவிலிருந்து வந்த குடும்பங்கள் வேலை செய்யும் செங்கல் சூளையில் ஒரு தாய் பிள்ளையின் இடது தோளில் இருந்த தழும்பைத் தொட்டுக் காட்டினார். அது பிறந்ததும் போடும் பிசிஜி, காசநோய்த் தடுப்பூசி. தட்டம்மை ஊசி வலது கையில் போடுவது.

"வடக்கத்திக்காரங்கதான் கொண்டு வந்தாங்க" என்று ஊரில் பேச்சு. தேதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தோம். முதல் தடிப்பு ஊருக்குள்தான். சூளையில் வந்தது 12 நாள் கழித்து. அந்தக் குடும்பங்களை ஊர் பழித்தது எனக்கு இன்னும் வலிக்கிறது.

ஊசி போட்ட பிள்ளைகள் சிலருக்கும் வந்திருந்தது. 9 மாதத்தில் போடும் முதல் தவணை 100 பிள்ளைகளில் சுமார் 85 பேரைத்தான் காக்கும். மீதிப் பேரைக் காக்கத்தான் 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாவது தவணை. ஒடிசாவின் பலாங்கிர் மாவட்டத்திலிருந்து வரும் குடும்பங்கள் மழைக்காலம் வரை சூளையில் இருப்பார்கள். பல பிள்ளைகளுக்கு அந்த ஊசி நாள் இங்கேதான் வருகிறது. எங்கள் பதிவேட்டில் ஒரு சூளைப் பிள்ளையின் பெயரும் இல்லை. அவர்கள் மறுக்கவில்லை, நாங்கள் கூப்பிடவில்லை.

காலை பத்து மணிக்குச் சூளையில் முகாம் போட்டோம். எல்லாரும் கல் அறுத்துக்கொண்டிருந்தார்கள், ஒருவரும் வரவில்லை. கலக்கிய மருந்து நான்கு மணி நேரம்தான் தாங்கும் என்பதால் குப்பியைத் திறக்காமலே திரும்பினோம். மறுநாள் வேலை முடிந்த நேரத்தில் போனோம். மேஸ்திரி ஒடியாவில் எடுத்துச் சொல்ல, வரிசை நின்றது. அம்மை கண்டிருந்த பிள்ளைகளுக்கு வைட்டமின் ஏ கொடுத்தோம், மற்றவர்களுக்கு ஊசி. நர்சம்மா ஒவ்வொரு அட்டையிலும் தேதியை ஆங்கிலத்தில் எழுதினார். பலாங்கிர் நர்சும் படிக்கணுமே என்று. தழும்பைக் காட்டிய அந்தத் தாய் அட்டையை பாலிதீன் பையில் சுற்றி, அரிசி டப்பாவுக்குள் வைத்தார்.