வெள்ளைக்காரனே விட்டுட்டான், நீ ஏன்டா?

பொறையாறில் இருந்தவரைக்கும் எனக்குக் கிடைத்த பட்டம் "அரிசி மூட்டை". என் பாட்டன் முப்பாட்டன் எல்லாம் அரிசிக்கும் பால் பவுடருக்கும் மதம் மாறினவர்களாம். கிழக்கே கடல், மற்ற மூன்று பக்கமும் நெல்வயல் என்று இருக்கிற காவிரிக் கடைமடையில், நடவுக்கும் அறுப்புக்கும் போய் சாப்பிட்ட குடும்பத்தைப் பார்த்து இப்படிச் சொல்ல முதலில் யாருக்குத்தான் தோன்றியதோ. காலேஜில் அது "அல்லேலூயா" ஆனது. "டேய் அல்லேலூயா, அசைன்மெண்ட் முடிச்சிட்டியா?" என்பார்கள். எந்தக் கிண்டலாக இருந்தாலும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும்: அது வெள்ளைக்காரன் சாமி, உனக்கு எதுக்கு?

சரி, வெள்ளைக்காரன் ஊருக்கே வந்தாயிற்று. ஜெர்மனியில் ஹாலே. வேலை அங்கே அமைந்தது, அவ்வளவுதான். ஆனால் தரங்கம்பாடிப் பக்கத்து லுத்தரன் (மார்ட்டின் லூத்தர் வழிவந்த புராட்டஸ்டண்ட்) வீட்டுப் பிள்ளைக்கு அந்தப் பெயர் ஞாயிறு பள்ளியிலேயே பழக்கம். 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு சில காலம் படித்த ஊர் அது. 1715இல் அவர் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டாரே, அந்த வேலைக்கு முதன்முதலில் தமிழ் எழுத்துகளை வார்த்துக் கப்பலேற்றியதும் இங்கிருந்துதான். அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள், "எம்புள்ள அந்த ஐயருங்க வந்த ஊருக்கே போறான்" என்று (எங்களுக்கு ஐயர் என்றால் பாதிரியார்). அங்கே ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஊரே குடும்பத்தோடு கோயிலுக்குக் கிளம்பும் என்பது அவள் கற்பனை. எனக்கும் அதில் கொஞ்சம் பங்கு உண்டு.

வந்து பார்த்தால் கோபுரங்கள் இருக்கின்றன, மணி அடிக்கிறது, உள்ளே ஆள் இல்லை. இந்த மாநிலத்தில் ஐந்தில் ஒருவர்கூட எந்தத் திருச்சபையிலும் உறுப்பினர் கிடையாது. 1990 வரை கிழக்கு ஜெர்மனியாக, கம்யூனிஸ்ட் ஆட்சியில் இருந்த பகுதி. இரண்டு மூன்று தலைமுறை கோயில் வாசலே மிதிக்காமல் வளர்ந்திருக்கிறது.

ஆபீஸ் கேண்டீனில் தட்டை வைத்துவிட்டுக் கண்ணை மூடினேன். பக்கத்தில் இருந்தவர் தோளைத் தொட்டு, "தலைவலியா, மாத்திரை வேணுமா?" என்றார். ஜெபம் என்றேன். ஒரு நொடி யாரும் பேசவில்லை, அப்புறம் மேசையே சிரித்தது. ஒருவர் உண்மையிலேயே தெரிந்துகொள்கிற ஆர்வத்தோடு, நீ படித்தவன்தானே, டைனோசரை எல்லாம் எப்படி ஒத்துக்கொள்கிறாய் என்று கேட்டார். அதன்பிறகு நான் கண்ணைத் திறக்கும்போது யாராவது சத்தமாக "ஆமென்" போடுவது வழக்கமாகிவிட்டது. ஊர்க் கிண்டலில் இருக்கிற விஷம் இதில் இல்லை. இருப்பது பரிதாபம், பாவம் இந்தப் பையன் இன்னும் அங்கேயே இருக்கிறானே என்று. எனக்கு எரிச்சல் வருவது அதில்தான்.

ஆனால் சுருக்கென்று தைத்தது நம்ம ஆட்கள் சொன்னதுதான். சனிக்கிழமை ஒருத்தர் ரூமில் பிரியாணி, கிரிக்கெட், பத்துப் பதினைந்து தமிழ்ப் பையன்கள். காலையில் கோயிலுக்குப் போகணும், சீக்கிரம் கிளம்புகிறேன் என்றதும் ஒருவன் எலும்பைக் கடித்துக்கொண்டே சொன்னான்: "வெள்ளைக்காரனே விட்டுட்டான், நீ ஏன்டா இன்னும் புடிச்சித் தொங்கிட்டிருக்க?" நானும் சேர்ந்து சிரித்தேன். நல்ல டயலாக்.

டிராமில் திரும்பி வரும்போதுதான் யோசித்தேன். அங்கே அவன் சாமி, உனக்கெதுக்கு. இங்கே அவனே விட்டாச்சு, உனக்கெதுக்கு. இரண்டு கேள்வியிலும் வெள்ளைக்காரன்தான் முதலாளி, என் பாட்டி கணக்கிலேயே இல்லை. சொல்லப்போனால் அன்றைக்கு வெள்ளைக்காரனுக்கே இது வேண்டாத வேலைதான். டென்மார்க் ராஜா அனுப்பிய சீகன்பால்கை, தரங்கம்பாடிக் கோட்டையில் நான்கு மாதம் பூட்டிவைத்தது டென்மார்க்கின் கமாண்டரே! வேண்டும் என்று பிடித்துக்கொண்டவர்கள் எங்கள் ஆட்கள். சரபோஜி மன்னரைப் போலவே ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் படித்த தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் கர்நாடக ராகங்களில் கீர்த்தனையாகப் பாடிவைத்தார். எழுதப் படிக்கத் தெரியாத என் பாட்டி அதை வயலில் பாடினாள். இதில் எவன் விட்டான், எவன் பிடித்தான் என்பது அவளுக்கு எதற்கு? (நம்ம ஆட்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஆடி மாதம் தெருவில் காவடி போனால் வாசலில் நின்று கிண்டலடித்த கிறிஸ்தவப் பெரிசுகளை நானே பார்த்திருக்கிறேன்.)

இங்கே நான் போகிற கோயிலில் முக்கால்வாசி நரைத்த தலைகள். அதில் ஒரு பாட்டியம்மா, எண்பதை ஒட்டியவர், ஆராதனை முடிந்து காபி குடிக்கும்போது தன் பள்ளிக்கூடக் கதையைச் சொன்னார். கோயிலுக்குப் போகிற பிள்ளைகளை டீச்சர் எழுப்பி நிற்கவைப்பாராம். விண்வெளிக்கு முதலில் போன ககாரின் மேலே போய்வந்தாரே, உங்கள் கடவுளைப் பார்த்தாரா என்று கேட்க, வகுப்பே சிரிக்குமாம். திடப்படுத்தலுக்கு (பிள்ளைகள் சபையில் முழு உறுப்பினராகிற சடங்கு) பதிலாகப் பதினான்கு வயதில் அரசாங்கம் நடத்திய சடங்குக்கு இவர் போகவில்லை, அதனால் மேல்படிப்புக்கு இடம் தரவில்லை. டாக்டர் ஆக ஆசைப்பட்டவர் நர்ஸ் ஆனார். எப்படித் தாங்கினீர்கள் என்றேன். "வியாழக்கிழமை வியாழக்கிழமை பாட்டுப் பயிற்சிக்குப் போவோம்" என்றார். நான் பெரிதாக ஏதோ சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன், அவர் கேக் எடுக்கப் போய்விட்டார்.

இப்போது நானும் அந்தப் பாட்டுக் குழுவில் இருக்கிறேன். லூத்தர் பாட்டு பல எனக்கு மெட்டோடு தெரியும், பொறையாறில் ஞானப்பாட்டாகப் பாடியவைதான், நாங்கள் இழுத்துப் பாடுவோம், இவர்கள் ரயிலைப் பிடிக்கப்போகிற மாதிரி முடித்துவிடுகிறார்கள். கேண்டீனில் தெரிந்துகொள்ளக் கேட்டால் பதில் சொல்கிறேன், சீண்டக் கேட்டால் சாப்பிடுகிறேன். நரகம், நியாயத்தீர்ப்பு என்று திருப்பிப் பாய்கிற ஆட்களை எனக்கு ஊரிலும் பிடிக்காது.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு தகவல். குடியேறிப் பதிவு செய்யும்போது என்ன மதம் என்று கேட்பார்கள். புராட்டஸ்டண்ட் என்றால் உங்கள் வருமான வரியில் 9 சதவீதம் அளவுக்குக் கோயில் வரி என்று தனியாகச் சம்பளத்திலேயே பிடிப்பார்கள். பவேரியாவிலும் அதற்குப் பக்கத்து மாநிலம் ஒன்றிலும் 8. "இல்லைன்னு எழுது, யாருக்குத் தெரியப் போகுது" என்று ரூம்மேட்டுகள் சொல்வார்கள். எனக்குச் சொன்னார்கள். நான் உள்ளதைத்தான் எழுதினேன். மாதாமாதம் சம்பளச் சீட்டில் அந்த வரியைக் காட்டி, கையெழுத்துப் போட்டுச் சபையை விட்டு வெளியே வந்தால் மிச்சம்தானே என்று ஆபீஸ் நண்பர் இன்னும் கணக்குப் போட்டுக் காட்டுகிறார்.

அம்மாவிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "சம்பளத்துலயே புடிச்சிக்கிறாங்களா? கவர்மெண்டேவா? இத நம்ம ஐயர்கிட்ட மட்டும் சொல்லிடாதப்பா, அடுத்த கமிட்டியிலயே தீர்மானம் போட்டுருவாரு."