25 கே6 ஷாஃப்டும் மட்டு மதிப்பும்

கோயம்புத்தூரில் பம்ப் மோட்டார் ஷாஃப்டுகளுக்கு கிரைண்டிங் செய்து தரும் பட்டறையில் எனக்குத் தர ஆய்வு வேலை. பதினோராம் வகுப்பில் படித்த மட்டு மதிப்பு அசமன்பாடு (ஒரு எண் இன்னோர் எண்ணிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளியிருக்கலாம் என்று எல்லை போடுவது) எனக்குத் தினசரி வேலைக்கருவி. டிராயிங்கில் அது அந்த உருவத்தில் இருக்காது, அவ்வளவுதான்.

6205 பேரிங்கை எடுத்துக்கொள்வோம். உள்விட்டம் 25 மி.மீ. அது உட்காரும் இடத்துக்கு டிராயிங்கில் '25 கே6' என்று போட்டிருக்கும். பேரிங் இறுக்கமாக உட்கார ஷாஃப்ட் 25-ஐ விட எவ்வளவு பெருத்திருக்க வேண்டும் என்பதற்கான குறியீடு அது. ஐஎஸ்ஓ அட்டவணைப்படி மேல் எல்லை +0.015, கீழ் எல்லை +0.002. அதாவது 25.002 முதல் 25.015 வரை. சரியாக 25.000 வந்த ஷாஃப்ட் ரிஜெக்ட்! பயிற்சிக்கு வரும் பையன்கள் திகைத்து நிற்பது இந்த இடத்தில்தான். நான் அவர்களைப் பேப்பரில் போட்டுப் பார்க்கச் சொல்வேன். இரண்டு எல்லையையும் கூட்டிப் பாதியாக்கினால் 25.0085. கழித்துப் பாதியாக்கினால் 0.0065. விட்டத்தை 'வி' என்று வைத்தால்:

|வி − 25.0085| ≤ 0.0065

இப்படி எழுதியதும் குறி எங்கே, எவ்வளவு தள்ளலாம் என்ற இரண்டும் கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. டயல் கம்பேரேட்டரை (வைத்த அளவிலிருந்து எவ்வளவு விலகல் என்று முள்ளில் காட்டும் கருவி) 25.0085-க்குப் பூஜ்யம் வைத்துவிட்டால், முள் இருபக்கமும் ஆறரை மைக்ரானுக்குள் (ஒரு மைக்ரான் 0.001 மி.மீ.) நிற்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

ஆனால் நாம் பார்ப்பது கருவி காட்டும் அளவைத்தான், உண்மையான விட்டத்தை அல்ல. கருவி ஒரு மைக்ரான் வரை தவறலாம் என்றால், காட்டும் அளவு 'கா' எந்த எல்லைக்குள் இருந்தால் துணிந்து பாஸ் போடலாம்? முக்கோணச் சமனின்மை, அதாவது நேராகப் போகும் தூரம் நடுவில் ஒரு இடத்தைத் தொட்டுப் போகும் தூரத்தைத் தாண்டாது என்ற விதி, இங்கே கைகொடுக்கிறது:

|வி − 25.0085| ≤ |வி − கா| + |கா − 25.0085|

வலப்பக்கத்தின் முதல் பகுதி அதிகபட்சம் 0.001. அப்படியானால் இரண்டாம் பகுதி 0.0055-ஐத் தாண்டக் கூடாது. ஆகவே காட்டும் அளவு 25.003-க்கும் 25.014-க்கும் நடுவில் இருக்க வேண்டும். வாடிக்கையாளர் கொடுத்த எல்லையை நாமே இருபக்கமும் ஒரு மைக்ரான் சுருக்கிக்கொள்கிறோம். விளிம்பில் நிற்கும் ஷாஃப்டைப் பற்றி யாரோடும் வாதாட வேண்டியதில்லை. (கிரைண்டிங்கில் சூடாக இருக்கும்போதே அளந்தால் இந்தக் கணக்கு எல்லாம் வீண். 25 மி.மீ. எஃகு 10 டிகிரி கூடுதல் சூட்டில் கிட்டத்தட்ட 3 மைக்ரான் பெருத்திருக்கும். ஆறவிட்டு அளங்கள்.)

ரிஜெக்ட் பக்கம்தான் எனக்கு இன்னும் முக்கியமாகத் தோன்றுகிறது. |வி − 25.0085| > 0.0065 என்பது 'அல்லது' போட்டு இரண்டாகப் பிரியும். விட்டம் 25.015-க்கு மேல், அல்லது 25.002-க்குக் கீழ். கணக்குத் தேர்வில் இரண்டுக்கும் ஒரே மதிப்பெண். பட்டறையில் அப்படி இல்லை. பெருத்த ஷாஃப்டைத் திரும்ப மெஷினில் ஏற்றி இன்னும் கொஞ்சம் எடுத்துவிடலாம். சிறுத்தது போனது போனதுதான், ஸ்கிராப். தெரியாமல் அனுப்பினாலோ, பேரிங்கின் உள்வளையம் ஷாஃப்டின் மேல் நழுவிச் சுற்றி இருக்கையைத் தேய்த்துவிடும். பெருத்ததை அடித்து ஏற்றினாலும் ஆபத்துதான், பேரிங்கின் உள் இடைவெளி செத்துச் சூடேறும். ஆனால் அது நம் கையை விட்டுப் போகும் முன் திருத்தக் கூடியது.

மட்டுக் குறி எவ்வளவு தூரம் என்பதைச் சொல்கிறது, எந்தப் பக்கம் என்பதை விழுங்கிவிடுகிறது. அதனால் ரிஜெக்டுக்கு ஒரே பெட்டி வைக்கும் வழக்கத்தை நான் ஒப்புக்கொள்வதில்லை. இரண்டு பெட்டி வேண்டும், ரிப்போர்ட்டிலும் கூட்டல், கழித்தல் குறியோடு எழுத வேண்டும். ஆபரேட்டரிடமும் 25.0085-ஐச் சொல்லாமல் 25.010-ஐக் குறிவைக்கச் சொல்கிறேன். சுருக்கிய எல்லையில் கீழே 7 மைக்ரான் இடம், மேலே 4. மேலே தாண்டினால் இன்னொரு முறை ஓட்டிக்கொள்ளலாம்.