சுக்குவுக்கு முதுகில் ஆபரேஷன்

ஐப்பசி மழை நாள் அது. எங்கள் சுக்கு வாசல்படி ஏற முடியாமல் நின்றான். ஆறு வயது டாஷ்ஹண்ட், நீள உடம்பும் குட்டைக் காலுமான நாய். முதல்நாள் ராத்திரியே முதுகைக் கூனிக்கொண்டு நடுங்கினான். குளிர் என்று நினைத்து சாக்கைப் போர்த்திவிட்டோம். மதியத்துக்குள் பின்னங்கால் இரண்டும் விழுந்துவிட்டன. பக்கத்து வீட்டு மாமா, "சுளுக்குதாம்மா, நல்லெண்ணெய் தேய்ச்சு நடக்க விடு" என்றார். தேய்த்தேன், இழுத்து நடக்கவும் வைத்தேன். அந்த அரை நாளை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

சுளுக்கே இல்லை அது. இந்த இனத்தில் முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க் சின்ன வயதிலேயே இறுக ஆரம்பித்துவிடும். காலைக் குட்டையாக்கும் மரபணு மாற்றம் ஒன்றுதான் இதையும் கொண்டுவருகிறது என்று 2017இல் கண்டுபிடித்தார்கள். ஒருநாள் உள்ளே இறுகிக் கிடப்பது பிதுங்கி தண்டுவடத்தை அழுத்தும். அப்போது நாயை நடக்கவிடவே கூடாது, கூண்டில் அசையாமல் வைக்க வேண்டும். நான் செய்தது நேர்மாறு.

மதுரை திருநகரிலிருந்து ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் இடுக்கியால் பின்னங்கால் விரலை அழுத்தினார். சுக்கு காலை இழுத்துக்கொண்டான். எனக்குச் சந்தோஷம். "கால் தானாவே இழுத்துக்கும், அதை வச்சு சொல்ல முடியாதும்மா, தலையைத் திருப்புறானான்னு பாருங்க" என்றார். இன்னும் அழுத்தினார். சுக்கு திரும்பி "வள்" என்றான். வலி மூளைவரை போகிறது! அந்த வலி உணர்வு இருந்தால் ஆபரேஷனுக்குப் பிறகு பத்தில் ஒன்பது நாய் நடந்துவிடும். அது போய்விட்டால் ஏறக்குறைய பாதிதான். மணிக்கணக்குகூட முக்கியம் என்றார். அன்றிரவே காரில் சென்னைக்குக் கிளம்பினோம்.

முதுகெலும்பில் நெஞ்சுப் பகுதி முடிந்து இடுப்புப் பகுதி தொடங்கும் இடத்தில் டிஸ்க் பிதுங்கியிருப்பது எம்ஆர்ஐயில் தெரிந்தது. டாஷ்ஹண்டுக்குப் பெரும்பாலும் அங்கேதான் பிதுங்குமாம். செய்தது மினி ஹெமிலாமினெக்டமி என்ற ஆபரேஷன். வழக்கமான முறையில் எலும்போடு அந்தப் பக்கத்து மூட்டையும் எடுப்பார்கள். இதில் மூட்டைத் தொடாமல், அதற்குக் கீழே எலும்பைக் குடைந்து சின்ன வழி மட்டும் செய்கிறார்கள். முதுகின் பலம் அவ்வளவாகக் குறையாது. பிதுங்கிக் கிடந்ததை எடுத்துக் கிண்ணத்தில் காட்டினார்கள்: அப்பத்தாவின் வெற்றிலைப் பெட்டியில் காய்ந்து கிடக்கும் சுண்ணாம்பு மாதிரி, ஒரு சிட்டிகை. இவ்வளவுதானா என் பிள்ளையைப் படுக்கப் போட்டது!

ஆபரேஷனைவிட அப்புறம் வந்த வாரங்கள்தான் கஷ்டம். அவனாக மூத்திரம் போகமாட்டான். வயிற்றின் இரண்டு பக்கமும் விரலை வைத்து, எலுமிச்சை அளவு உருண்டையாக இருக்கும் மூத்திரப்பையைத் தேடிப்பிடித்து, மெதுவாக அழுத்த வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று தடவை. தேங்கினால் கிருமி பிடிக்கும். முதல் இரண்டு நாள் என் கை நடுங்கியது, அம்மாதான் பழகிக்கொண்டாள்.

அம்மாவின் பழைய சுங்குடிச் சேலையை நாலாக மடித்து, அவன் வயிற்றுக்கு அடியில் கொடுத்து, பின்பக்கத்தைத் தூக்கிப்பிடித்துக்கொண்டு முற்றத்தில் ஐந்து ஐந்து நிமிடம் நடத்துவோம். முதலில் வால் ஆடியது. பதினாறாம் நாள் காலையில் அம்மா கூப்பிட்டாள்: "ஏ புள்ள, இங்க வா, சேலையில கனமே இல்லடி."

போய்ப் பார்த்தேன். சேலை தொய்ந்து தரையில் கிடந்தது. சுக்கு நாலு காலில் தள்ளாடிக்கொண்டு துளசிச் செடியை மோந்துகொண்டிருந்தான்.